வல்வா புற்றுநோய்: நோயின் போக்கைத் தீர்மானிப்பது கட்டியா, கவட்டையா?

#1 | கீதா_பெசன்ட்நகர்

மார்பகம், கர்ப்பப்பை வாய் பற்றித் தமிழில் ஓரளவு எழுதியாகிவிட்டது. பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில், அதாவது வல்வாவில் வரும் புற்றுநோய் பற்றித் தேடினால் உருப்படியாக ஒன்றும் கிடைப்பதில்லை. பெண்ணுறுப்புப் புற்றுநோய்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் அதில் நூற்றுக்கு நான்கைந்துதான் இது. அதனால் பொதுவான மகளிர் மருத்துவர்களே எப்போதாவதுதான் பார்க்கிறார்கள். இங்கே இந்தத் துறையில் இருக்கிறவர்கள் சிலர் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

பேசுவதற்கு வசதியாக ஒரு மாதிரி ரிப்போர்ட் போடுகிறேன். நிஜ ஆளுடையது அல்ல.

வயது 62. வலது பெரிய உதட்டில் 2.6 செ.மீ. கட்டி, நடுக்கோட்டிலிருந்து 2.5 செ.மீ. தள்ளி. ஸ்குவாமஸ் செல் (தோலின் தட்டைச் செல்) வகை. ஊடுருவிய ஆழம் 4 மி.மீ. விளிம்பில் நல்ல தோல் குறைந்தபட்சம் 5 மி.மீ. ரத்தக் குழாய், நிணக் குழாய்களுக்குள் நோய் இல்லை. வலது கவட்டையில் (தொடையிடுக்கில்) எடுத்த 9 நெறிகளில் (நிணநீர் முடிச்சுகளில்) 1இல் நோய், படிவு 3 மி.மீ., நெறியின் உறையைத் தாண்டவில்லை. இடது கவட்டை திறக்கப்படவில்லை. பி16 நெகட்டிவ், பி53 அப்நார்மல்.

இதை வைத்து என்ன ஸ்டேஜ், கரண்டு (கதிர்வீச்சு) வைக்க வேண்டுமா, 5 மி.மீ. விளிம்பு போதுமா, வீட்டார் கேட்கும் "எத்தனை சதவீதம்" என்பதற்கு நேர்மையான பதில் என்ன? ஒவ்வொரு வரியும் எதைச் சொல்கிறது என்று பிரித்துச் சொல்லுங்கள்.

#2 | ஸ்லைடுமேசை

ஸ்டேஜிலிருந்து தொடங்குகிறேன் மேடம். ஃபிகோ (சர்வதேச மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு) 2021 முறைப்படி இது 3ஏ. கட்டி மட்டும் என்றால் 1பிதான், ஏனென்றால் 2 செ.மீ.யைத் தாண்டியிருக்கிறது, ஆழமும் 1 மி.மீ.க்கு மேல். ஒரே ஒரு நெறி அதை 1பியிலிருந்து 3ஏவுக்குத் தூக்கிவிட்டது. படிவு 5 மி.மீ.க்கு மேல் இருந்திருந்தால் 3பி. உறையைக் கிழித்து வெளியே வந்திருந்தால் 3சி. நெறி அசையாமல் ஒட்டிப்போனாலோ மேலே புண்ணாகியிருந்தாலோ 4ஏ. இடுப்புக்குள் இருக்கும் நெறியில் நோய் இருந்தால் அது தொலைதூரப் பரவலாகவே கணக்கு, 4பி.

பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் ஒப்பிடுகிறவர்கள் கவனிக்க: 2021இல் ஆழத்தை அளக்கும் விதமே மாறியது. முன்பு பக்கத்திலுள்ள மிக மேலோட்டமான தோல் பாப்பில்லாவிலிருந்து (உள்தோல் மேல்நோக்கி நீட்டும் முனை) அளந்தோம். இப்போது பக்கத்தில் கட்டி இல்லாத, ஆனால் செல் மாற்றம் உள்ள மிக ஆழமான ரீட் முகட்டின் (மேல்தோல் கீழ்நோக்கி நீட்டும் மடிப்பின்) அடியிலிருந்து அளக்கிறோம். அதே ஸ்லைடில் எண் குறைந்து வரலாம். 1.3 மி.மீ. என்று ஒரு லேபும் 0.9 என்று இன்னொரு லேபும் சொன்னால் யாரோ தப்பு செய்தார்கள் என்று முடிவு கட்ட வேண்டாம், எந்த முறையில் அளந்தார்கள் என்று கேளுங்கள். இந்த இடத்தில் அரை மி.மீ. பெரிய விஷயம். 1 மி.மீ. வரை மட்டும் ஊடுருவிய 2 செ.மீ.க்கு உட்பட்ட கட்டியில் நெறிக்குப் போகும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே, கவட்டையைத் தொடவே வேண்டாம். அதைத் தாண்டினால் கவட்டையைப் பார்த்தே ஆக வேண்டும்.

பி16, பி53 பற்றி. இரண்டும் கட்டியில் சாயமிட்டுப் பார்க்கும் புரதங்கள். வல்வா ஸ்குவாமஸ் புற்றுநோய் இரண்டு பாதைகளில் வருகிறது. ஒன்று ஹெச்பிவி வைரஸ் வழி, பெரும்பாலும் வயது குறைந்தவர்களுக்கு, பி16 அடர்த்தியாகச் சாயமேறும். மற்றொன்று லைக்கன் ஸ்க்லீரோசஸ் போன்ற நெடுநாள் தோல் நோயின் மேல், வயதானவர்களுக்கு, பெரும்பாலும் பி53 கோளாறுடன். முதல் வகைக்குக் கதிர்வீச்சு நன்றாகக் கேட்கும், திரும்பி வருவதும் குறைவு. பி16 நெகட்டிவ், பி53 அப்நார்மல் என்றால் இந்த இரண்டு சாயத்தையும் வைத்துப் பிரிக்கும் மூன்று கூட்டத்தில் (பி16 பாசிட்டிவ்; இரண்டிலும் கோளாறு இல்லாதது; பி53 அப்நார்மல்) போக்கு மோசமானது அதுதான். இந்த ரிப்போர்ட் அந்தக் கூட்டத்தில் விழுகிறது. கட்டிக்குப் பக்கத்துத் தோலில் லைக்கனோ டிவின் (புற்றுக்கு முந்திய செல் மாற்றம்) மாற்றமோ இருக்கிறதா என்று ரிப்போர்ட் சொல்லவில்லை. அந்த வரியைக் கேட்டு வாங்க வேண்டும்.

#3 | அறுவை_அரங்கு

தலைப்புக் கேள்விக்குச் சுருக்கமான பதில்: கவட்டை. எந்தக் கட்டி எவ்வளவு பெரியது என்பதைவிட, கவட்டை நெறியில் நோய் இருக்கிறதா, எத்தனை, எவ்வளவு பெரிது என்பதுதான் ஆளைக் காப்பதும் இழப்பதும். தோலில் திரும்பி வந்தால் மறுபடி வெட்டி எடுத்துக் காப்பாற்ற முடிகிறது. கவட்டையில் திரும்பி வந்தால் பெரும்பாலானோர் இரண்டு ஆண்டு தாண்டுவதில்லை. ஆகவே கவட்டைக்குக் கிடைப்பது ஒரே வாய்ப்பு, அது முதல் சிகிச்சையிலேயே.

பழைய காலத்தில் வல்வா முழுவதும், இரண்டு கவட்டையும் சேர்த்து ஒரே பாளமாக, பட்டாம்பூச்சி வடிவில் எடுத்தார்கள். பாசே, டாசிக், ஸ்டான்லி வே ஆகியோர் காட்டிய வழி. பிழைத்தோர் எண்ணிக்கை ஏறியது உண்மை, ஆனால் புண் பிரியாத ஆளே அபூர்வம். 1980களில் மூன்று தனித் தனி வெட்டு முறை வந்தது. இன்று கட்டியை மட்டும் சுற்றிலும் 1 செ.மீ. நல்ல தோலோடு எடுத்து, கவட்டையைத் தனி வெட்டில் பார்க்கிறோம்.

செண்டினல் நெறி முறை பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஒரே கட்டி, 4 செ.மீ.க்குள், கவட்டையில் ஸ்கேனிலும் கையிலும் சந்தேகமில்லை என்றால் முழு கவட்டையையும் எடுக்க வேண்டியதில்லை. கட்டியைச் சுற்றி டெக்னீசியம் மருந்தும் நீலச் சாயமும் ஊசி போட்டு, காமா ப்ரோபால் (கதிர் உணரும் கருவி) கட்டியின் நிணநீர் முதலில் போய்ச் சேரும் நெறியை, அதாவது செண்டினலைக் கண்டெடுத்துச் சோதிப்பது. 2008இல் வந்த க்ராயின்ஸ்-வி முதல் ஆய்வில் செண்டினல் சுத்தமாக இருந்து ஒற்றைக் கட்டி உள்ளவர்களில் கவட்டையில் நோய் திரும்பியது 2.3 சதவீதம். 3 ஆண்டு உயிர்வாழ்வு 97. கால் வீக்கம் செண்டினல் மட்டும் எடுத்தவர்களில் 1.9 சதவீதம், முழு கவட்டை எடுத்தவர்களில் 25.2. கவட்டைப் புண் பிரிந்தது 11.7க்கு எதிராக 34.

இந்த மாதிரி கேஸ் அந்த முறைக்குப் பொருந்தியிருக்கும். ஆனால் அதற்கு அணு மருத்துவப் பிரிவும், காமா ப்ரோபும், நெறியை மெல்லிய துண்டுகளாக்கிக் கெரட்டின் சாயம் போடும் லேபும், கை பழகிய அறுவை நிபுணரும் ஒரே இடத்தில் வேண்டும். இல்லாத இடத்தில் "முயன்று பார்க்கலாம்" என்று செய்வது ஆபத்து. அங்கே முழு கவட்டை எடுப்பதே நேர்மை.

9 நெறி என்பது சரியான எண்ணிக்கை. ஒரு பக்கத்துக்குக் குறைந்தது 6 எதிர்பார்க்கிறோம். 3, 4 மட்டும் என்றால் எடுத்த விதத்தையும் பார்க்க வேண்டும், லேபில் கொழுப்பைத் துழாவிய விதத்தையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, முதல் பயாப்சி எடுக்கும்போதே பலர் கெடுத்துவிடுகிறார்கள். சின்ன கட்டிதானே என்று முழுதாக வெட்டி எடுத்துத் தைத்து அனுப்பினால், பிறகு வருகிற நிபுணருக்குக் கட்டி எங்கே இருந்தது, நடுக்கோட்டுக்கு எவ்வளவு தூரம், எங்கே சாயம் போடுவது எதுவும் தெரியாது. மரத்துப்போகும் ஊசி போட்டு, 4 மி.மீ. பஞ்ச் பயாப்சி கருவியால் புண்ணின் ஓரத்திலிருந்து ஒரு துண்டு போதும். நடுவில் அழுகின இடத்திலிருந்து எடுத்தால் ரிப்போர்ட் "உறுதியாகச் சொல்ல இயலவில்லை" என்று வந்து மாதங்கள் போய்விடும். எடுக்கும் முன் அளவு தெரிய ஸ்கேலை வைத்து ஒரு படம் எடுத்து கேஸ் ஷீட்டில் வைத்துவிடுங்கள்.

#4 | கீதா_பெசன்ட்நகர்

நன்றி டாக்டர். அப்படியானால் இடது கவட்டையைத் திறக்காதது சரியா?

#5 | அறுவை_அரங்கு

கட்டி நடுக்கோட்டிலிருந்து 2 செ.மீ.க்கு மேல் தள்ளி, 4 செ.மீ.க்குள் இருந்தால் முதலில் ஒரு பக்கம் மட்டும் பார்ப்பது சரி. நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், கிளிட்டோரிஸிலோ பெரினியத்திலோ (மலத் துவாரத்துக்கு முன்னுள்ள இடம்) இருந்தால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், ஏனென்றால் நிணநீர் இரண்டு பக்கமும் ஓடும். இந்த கேஸில் பிரச்சினை இப்போதுதான் ஆரம்பிக்கிறது. வலதில் நோய் தென்பட்டுவிட்டது. இடதை அப்படியே விட்டுவிட்டு "மூன்று மாசம் கழிச்சு வாங்க" என்பது தவறு. இடதை அறுவையாலோ கதிர்வீச்சாலோ கவனிக்க வேண்டும், எது என்பது ஸ்கேனையும் வலதுக்குக் கதிர்வீச்சு போகிறதா என்பதையும் பொறுத்தது. டியூமர் போர்டில் (பல துறை மருத்துவர்கள் சேர்ந்து முடிவெடுக்கும் கூட்டம்) பேசி டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுத வைக்க வேண்டிய கேள்வி.

#6 | ஸ்லைடுமேசை

சதவீதக் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்கப் பதிவேட்டுக் கணக்கில், நோய் அந்த இடத்திலேயே நின்றால் ஐந்தாண்டு உயிர்வாழ்வு சுமார் 86 சதவீதம். கவட்டை நெறி அல்லது பக்கத்து உறுப்புக்குப் போனால் பாதியளவு. தொலைவில் பரவினால் ஐந்தில் ஒன்று போல. ஜெர்மனியின் ஏஜிஓ-கேர் ஆய்வில், நோய் முற்றாமல் 3 ஆண்டு கடந்தவர்கள் நெறி சுத்தமாக இருந்தவர்களில் 75.2 சதவீதம், நெறியில் நோய் இருந்தவர்களில் 35.2.

ஆனால் வீட்டாரிடம் "35 சதவீதம்" என்று சொல்லிவிடாதீர்கள் மேடம். அந்த 35க்குள் மூன்று நெறி உறை கிழிந்தவர்களும் இருக்கிறார்கள், ஒரே நெறியில் 3 மி.மீ. உள்ளவர்களும் இருக்கிறார்கள். இருவர் பாதையும் வேறு. இந்த ரிப்போர்ட்டில் நல்ல பக்கம்: ஒரே நெறி, படிவு சிறிது, உறை கிழியவில்லை, நிணக் குழாய்க்குள் இல்லை. கெட்ட பக்கம்: பி53. பதிவேட்டுச் சதவீதம் ஒன்றைப் பிடித்துக்கொள்வதைவிட, "நெறியில் நோய் உள்ளவர்களிலேயே நல்ல கூட்டத்தில் இருக்கிறார், அடுத்த இரண்டு வருடம் கவட்டையை விடாமல் பார்க்க வேண்டும்" என்பது உண்மைக்கு நெருக்கமான பதில்.

இந்த நோயாளிகளில் வயதானவர்கள் அதிகம், இதயம், சர்க்கரையால் இறப்பவர்களும் உண்டு. நீங்கள் பார்க்கும் சதவீதம் நோயால் மட்டுமா, எல்லாக் காரணத்தாலுமா என்று பார்த்துவிட்டே ஒப்பிட வேண்டும்.

#7 | கிரே_கணக்கு

கரண்டு கேள்வி. 1986இல் வந்த ஜிஓஜி (அமெரிக்க மகளிர் புற்றுநோய் ஆய்வுக் குழு) 37 ஆய்வுதான் அடிக்கல். கவட்டை நெறியில் நோய் இருந்த 114 பேரில், இடுப்பு நெறிகளை அறுவையால் எடுத்தவர்களில் 2 ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் 54 சதவீதம், கவட்டைக்கும் இடுப்புக்கும் கதிர்வீச்சு கொடுத்தவர்களில் 68. அதிலிருந்து இடுப்பு நெறியை வெட்டி எடுப்பது பழக்கம் விட்டது. ஆனால் பலன் தெளிவாகத் தெரிந்தது இரண்டோ அதற்கு மேலோ நெறியில் நோய் உள்ளவர்களில். ஆகவே இரண்டு நெறி, அல்லது ஒன்றேயானாலும் உறை கிழிந்திருந்தால் கதிர்வீச்சு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஒரே நெறி, உறை கிழியாமல், கவட்டையை முழுதாக எடுத்திருந்தால் எல்லோரும் ஒத்துப்போவதில்லை. என் பார்வையில் இந்த கேஸில் பி53ஐயும் திறக்காத இடது கவட்டையையும் சேர்த்துப் பார்த்து, கொடுக்கும் பக்கமே சாய்வேன்.

#8 | அறுவை_அரங்கு

அதில் முழுதாக உடன்பட முடியவில்லை சார். வலதை முழுக்கச் சுத்தம் செய்தாகிவிட்டது, 9இல் 1. அங்கே அறுவையும் கதிரும் சேர்ந்தால் கால் வீக்கம் உறுதியாகக் கூடும். இடதைத் திறந்து பார்த்து, சுத்தம் என்றால் கதிர்வீச்சு இல்லாமலே விடலாம். பி53 மட்டும் பார்த்துக் கதிர்வீச்சை முடிவு செய்ய இன்றைக்கு எந்த வழிகாட்டியும் சொல்லவில்லை.

#9 | கிரே_கணக்கு

இடதைத் திறக்க நோயாளிக்கு உடல் வலு இருந்தால் நீங்கள் சொல்வது நியாயமான வழி டாக்டர். இரண்டுமே செய்யாமல் விடுவதுதான் என் பயம்.

செண்டினல் மட்டும் எடுத்தவர்களுக்கு விதி வேறு, இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். 2021இல் வந்த க்ராயின்ஸ்-வி இரண்டாம் ஆய்வில், செண்டினலில் 2 மி.மீ. வரை மட்டும் படிவு இருந்து 50 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) கொடுத்தவர்களில் 2 ஆண்டில் கவட்டையில் திரும்பியது 1.6 சதவீதம். அறுவை தேவையில்லாமல் போனது. 2 மி.மீ.க்கு மேல் இருந்து கதிர்வீச்சு மட்டும் கொடுத்தவர்களில் 22 சதவீதம் திரும்பியது, முழு கவட்டை எடுத்தவர்களில் 6.9. ஆகவே 2 மி.மீ. கோடு எல்லாவற்றையும் மாற்றுகிறது. செண்டினல் ரிப்போர்ட்டில் "பாசிட்டிவ்" என்று மட்டும் எழுதி மி.மீ. எழுதாமல் விட்டால் அந்த ரிப்போர்ட்டை வைத்துச் சிகிச்சை முடிவு செய்ய முடியாது. திருப்பி அனுப்பி எழுதி வாங்குங்கள்.

அளவு: நோய் எடுத்த கவட்டைக்கு 45 முதல் 50.4 கிரே, தினம் 1.8 வீதம் 25 முதல் 28 நாள், வாரத்தில் 5 நாள். உறை கிழிந்திருந்தால் இன்னும் மேலே. எடுக்க முடியாத கட்டிக்கு 60 முதல் 70.

கவட்டைக்குக் கதிர் போகும்போது ஆழம் மிக முக்கியம். 1992இல் வந்த ஜிஓஜி 88இல், கையில் தட்டுப்படாத கவட்டைகளுக்கு அறுவைக்குப் பதில் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார்கள். 27 பேரில் 5 பேருக்குத் திரும்பியது, அறுவைக் கூட்டத்தில் ஒருவருக்கும் இல்லை, ஆய்வையே நிறுத்தினார்கள். பிறகு பார்த்தால், தோலுக்குக் கீழே 3 செ.மீ. ஆழத்துக்குத்தான் கணக்குப் போட்டிருந்தார்கள். தொடை ரத்தக் குழாயை ஒட்டிய நெறிகள் பருமனான உடம்பில் அதற்கும் கீழே இருக்கும். இன்று சிடியில் வரைந்து ஐஎம்ஆர்டி என்ற துல்லியக் கதிர்வீச்சு முறையில் கொடுக்கிறோம், அந்தப் பிழை இல்லை. ஆனால் நெறியை வரையும்போது தொடைக் குழாயை ஒட்டிக் கீழே சஃபீனஸ் (காலின் மேலோட்ட ரத்தக் குழாய்) சேரும் இடம் வரை வரைந்தார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

#10 | தி_நகர்_வாசகி

விளிம்பு 5 மி.மீ. பற்றி யாரும் சொல்லவில்லையே? 8 மி.மீ. வேண்டும் என்று படித்தேன்.

#11 | ஸ்லைடுமேசை

8 மி.மீ. கோடு 1990இல் வந்த ஒரு ஆய்விலிருந்து பரவியது. பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் 8ஐத் தாண்டினால் திரும்பாது என்று உறுதியாகக் காட்டவில்லை. பார்மலினில் ஊறினால் தோல் சுருங்கும் என்பதால், அறுவையில் 1 செ.மீ. விட்டு வெட்டினாலும் ஸ்லைடில் 8க்குள் வந்துவிடும். 5 மி.மீ. என்பதற்காக மட்டும் மறுபடி வெட்ட வேண்டாம், குறிப்பாக மூத்திரத் துவாரம், மலத் துவாரத்துக்குப் பக்கத்தில். விளிம்பிலேயே நோய் தொட்டிருந்தால் கதை வேறு, மறுபடி வெட்டியோ கதிர்வீச்சாலோ கவனிக்க வேண்டும்.

விளிம்பைவிடக் கவலைப்பட வேண்டியது வேறொன்று. க்ராயின்ஸ்-வி நோயாளிகளை 10 ஆண்டு பின்தொடர்ந்து பார்த்தபோது, வல்வாத் தோலில் நோய் திரும்பியது 39.5 சதவீதம் பேருக்கு. பத்தில் நால்வர். இதில் பல, பழைய கட்டியின் மிச்சமல்ல, அதே கெட்ட தோலில் புதிதாக முளைத்தவை. ஐந்தாண்டு முடிந்தது, குணம் என்று ஃபைலை மூடுவது மார்பகத்தில்கூட சரியில்லை, இங்கே சுத்தமாகச் சரியில்லை.

#12 | மயிலை_தோல்மருத்துவர்

அந்தக் கெட்ட தோலைப் பற்றி நான் சொல்ல வேண்டும். இந்த நோயின் போக்கை மாற்ற நம் கையில் இருக்கும் மலிவான மருந்து க்ளோபெட்டசால் 0.05 ஆயின்ட்மென்ட்.

லைக்கன் ஸ்க்லீரோசஸ்: வெளுத்து, பளபளப்பாக, சிகரெட் தாள் போல் சுருங்கிய தோல், ராத்திரி தாங்க முடியாத அரிப்பு, சிறிய உதடு மறைந்து போவது. பெரும்பாலானோருக்கு வருஷக்கணக்கில் "பூஞ்சை" என்றே மாத்திரை கொடுக்கப்பட்டிருக்கும். ஆஸ்திரேலியாவில் 507 பெண்களைப் பின்தொடர்ந்த 2015 ஆய்வில், மருந்தைச் சரியாகப் போட்டு வந்தவர்களில் ஒருவருக்கும் புற்றுநோய் வரவில்லை, விட்டு விட்டுப் போட்டவர்களில் 4.7 சதவீதம் பேருக்குப் புற்றுநோயோ அதற்கு முந்திய நிலையோ வந்தது.

முறை: முதல் மாதம் தினம் இரவு, இரண்டாம் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் மாதம் வாரம் இருமுறை. 30 கிராம் ட்யூப் மூன்று மாதத்துக்கு வர வேண்டும். அதற்கு முன்பே தீர்ந்தால் அதிகம் போடுகிறீர்கள், ஆறு மாதமாகியும் பாதி இருந்தால் போடவில்லை என்று அர்த்தம். பிறகு வாரம் ஒன்றிரண்டு முறை நெடுநாளைக்கு. ஸ்டீராய்டு என்றதும் தோல் மெலிந்துவிடும் என்று மருந்துக் கடைக்காரரே பயமுறுத்துவார். லைக்கன் தோலில் இந்த அளவில் போட்டால் தோல் திரும்பித் தேறும்.

மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும், க்ளோபெட்டசாலோடு பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த ட்யூப்களைத் தொட வேண்டாம். கலந்திருக்கும் நியோமைசின் பலருக்கு அலர்ஜியாகி அரிப்பைக் கூட்டும். புண் இருந்தாலோ, தடித்த இடம் ஒன்று ஆறு வாரத்தில் மருந்துக்கு மசியாமல் இருந்தாலோ, மருந்து போடுவதை விட்டு பயாப்சி. 40 வயதுக்கு மேல் புதிதாக "பார்த்தோலின் கட்டி" (யோனி வாயின் பக்கச் சுரப்பி வீக்கம்) வந்தால் அதிலும் பயாப்சி எடுக்க வேண்டும், கீறிச் சீழ் எடுத்து அனுப்பக் கூடாது. கறுப்பு மரு வளர்ந்தால் மெலனோமா (நிறமிச் செல் புற்றுநோய்) சந்தேகம், அதன் கணக்கு முற்றிலும் வேறு.

#13 | வார்டு_அக்கா

எல்லாரும் பெரிய பெரிய ஆய்வு சொல்றீங்க. அறுவை முடிஞ்சு வீட்டுக்குப் போன பிறகு புண்ணைப் பார்த்துக்கற விதத்துலதான் அடுத்த சிகிச்சை தள்ளிப்போறதும் போகாததும். கதிர்வீச்சு தேவைன்னா புண் ஆறின உடனே, 6 முதல் 8 வாரத்துக்குள்ள ஆரம்பிக்கணும். கவட்டைத் தையல் பிரிஞ்சா அந்த வாரங்களைப் புண்ணே தின்னுடும்.

ட்ரெயின் குழாய் (கவட்டையில சேர்ற நீரை வெளியேத்தறது): தினம் ஒரே நேரத்துல அளந்து நோட்டுல எழுதுங்க. 24 மணி நேரத்துல 30 மி.லி.க்குக் கீழ வந்த பிறகுதான் எடுப்பாங்க, சிலருக்கு இரண்டு வாரம் ஆகும். அவசரப்பட்டு எடுத்தா நீர் கட்டி வீங்கும், அதுவே தொற்றாகும். பாட்டில் இடுப்புக்குக் கீழ இருக்கணும்.

உட்காருவது: தரையில சம்மணம் வேண்டாம், குந்தி உட்காரும் கக்கூஸ் வேண்டவே வேண்டாம், தையல் இழுத்துப் பிரியும். வீட்டுல வெஸ்டர்ன் இல்லைன்னா கமோட் சேர் வாடகைக்குக் கிடைக்கும், டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே எடுத்து வைங்க. நீண்ட நேரம் சாய்வு நாற்காலியில கவட்டை மடங்கி உட்கார வேண்டாம். படுக்கறது, நடக்கறது இரண்டும் நல்லது.

சுத்தம்: மூத்திரம் போகும்போது வெதுவெதுப்பான தண்ணிய மேல ஊத்திக்கிட்டே போனா எரிச்சல் குறையும். டெட்டால் தண்ணியில உட்காராதீங்க, மஞ்சள் பூசாதீங்க, பவுடர் போடாதீங்க. ஒத்தியெடுத்து, ஹேர் டிரையரை குளிர் காத்துல வச்சு காட்டினா போதும். மெட்ராஸ் அக்னி நட்சத்திரத்துல கவட்டை எப்பவும் ஈரம், அதனால தளர்ந்த காட்டன் நைட்டி, கவட்டை மடிப்புல அழுத்தற எலாஸ்டிக் ஜட்டி கூடாது. மடிப்புல காஞ்ச துணிய மடிச்சு வைக்கலாம், ஈரமானா மாத்தணும்.

ரத்தம் உறையாம இருக்க எனாக்சாபரின் 40 மி.கி. ஊசி தினம் ஒன்னு, சிலருக்கு 28 நாள் வரைக்கும் எழுதுவாங்க. வீட்டுக்குப் போனதும் நிறுத்திடறாங்க. நிறுத்தாதீங்க. ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி கெண்டைக்கால் வலிச்சா, மூச்சு வாங்கினா, அன்னிக்கே அவசரப் பிரிவு.

தையல் பிரிஞ்சுட்டா பயப்பட வேண்டாம். மூணுல ஒருத்தருக்கு ஆகறதுதான். அழுகின சதைய எடுத்து, டிரெஸ்ஸிங் பண்ணினா அடியிலிருந்து ஆறும், நாள் மட்டும் எடுக்கும். சர்க்கரையை கட்டுல வச்சு, முட்டை, பயறு, மீன்னு புரதம் நல்லா சாப்பிட்டா நாள் குறையும்.

#14 | வேளச்சேரி_பிசியோ

அக்கா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து வரும் கால் வீக்கம் வேறு. தமிழ்நாட்டில் கால் வீங்கினால் முதல் வார்த்தை யானைக்கால். டிஇசி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். கவட்டை நெறியை எடுத்தவருக்கு அது நிணநீர் தேக்கம், ஃபைலேரியா புழு இல்லை. மாத்திரை எடுபடாது.

கணுக்கால் வரி மறைவது, செருப்பு வார் பதிவது, ஒரு கால் கனமாக இருப்பது என ஆரம்பத்திலேயே வர வேண்டும். இரண்டு காலையும் கணுக்கால், முழங்காலுக்குக் கீழே 10 செ.மீ., மேலே 10 செ.மீ. என்று டேப்பால் அளந்து வையுங்கள், 2 செ.மீ. வித்தியாசம் என்றால் சிகிச்சை. அழுத்தக் காலுறை தொடை வரை, அளவெடுத்து வாங்க வேண்டும், காலையில் எழுந்ததும் வீக்கம் குறைவாக இருக்கும்போது அளவு எடுப்பது சரி. சாதாரண வேரிகோஸ் காலுறையைக் கடையில் குத்துமதிப்பாக வாங்கினால் முழங்காலில் சுருண்டு கயிறு போல் கட்டும், வீக்கம் மேலே ஏறும்.

வெறுங்காலோடு நடக்க வேண்டாம், கோயில் பிரகாரத்தில்கூட காலுறையோடு. விரலிடுக்குச் சேற்றுப் புண்ணுக்கு உடனே பூஞ்சை க்ரீம். குளிர் காய்ச்சலும் கால் சிவப்பும் வந்தால் அன்றைக்கே ஆன்டிபயாடிக், அடுத்த நாள் வரை காத்திருந்தால் ஒவ்வொரு தொற்றும் வீக்கத்தை ஒரு படி நிரந்தரமாக்கும். தொற்று நேரத்தில் மசாஜும் கட்டும் நிறுத்தம்.

#15 | தி_நகர்_வாசகி

வயது 78, கட்டி 6 செ.மீ., மலத் துவாரத்தை ஒட்டி, அறுவை என்றால் நிரந்தர மலப்பை என்கிறார்கள். வேறு வழி உண்டா?

#16 | கிரே_கணக்கு

உண்டு. கீமோவும் கதிரும் சேர்த்துக் கொடுப்பது. ஜிஓஜி 205 ஆய்வில் வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் சதுர மீட்டருக்கு 40 மி.கி., கதிர் 1.8 வீதம் 32 நாள், மொத்தம் 57.6 கிரே. 64 சதவீதம் பேருக்குக் கண்ணுக்குத் தெரிந்த கட்டி முழுதும் கரைந்தது, பாதிப் பேருக்கு நுண்ணோக்கியிலும் நோய் இல்லை. மலத் துவாரமும் மூத்திரத் துவாரமும் காப்பாற்றப்பட்டவர்கள் அதனால் நிறைய.

78 வயதில் சிஸ்பிளாட்டினுக்கு முன் கிரியாட்டினின், காது, இதயம் பார்த்தே ஆக வேண்டும். சிறுநீரகம் தாங்காவிட்டால் கதிர் மட்டுமாவது முழு அளவில். மூன்றாவது, நான்காவது வாரத்தில் தோல் உரிந்து நீர் வடியும், வலி கடுமையாக இருக்கும். அப்போதுதான் பாதியில் நின்றுவிடுகிறார்கள். பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வருகிறவர்களும் உண்டு. இடைவெளியில் கட்டி தன் வேகத்தில் வளர்ந்துவிடும், பிறகு கூட்டிக் கொடுக்கும் அளவு அதை ஈடு செய்யாது. விடுமுறையைப் பார்த்து ஆரம்ப நாளை முன்கூட்டியே தீர்மானிப்பது நல்லது. ரத்த ஹீமோகுளோபின் 10க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வலிக்கு மார்ஃபின் வரை கொடுக்கலாம், மூத்திரம் எரிந்தால் யூரின் டியூப் வைத்தாவது தொடர வேண்டும்.

முடிந்து 6 முதல் 12 வாரம் கழித்துப் பரிசோதனை, மிச்சம் இருந்தால் மட்டும் சிறிய அறுவை.

#17 | அறுவை_அரங்கு

திரும்பி வந்தவர்களைப் பற்றி ஒரு வரி. தோலில் மட்டும் என்றால் மறுபடி அறுவை, பலர் நன்றாக வாழ்கிறார்கள். கவட்டையில் முன்பு கதிர் வாங்காதவர் என்றால் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு. ஏற்கெனவே கதிர் வாங்கிய கவட்டையில் என்றால் வழி மிகக் குறைவு. கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் கீமோ கொஞ்ச காலம் வளர்ச்சியைப் பிடிக்கும். பெம்ப்ரோலிசுமாப் (நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்து) பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கீநோட்-158 ஆய்வில் வல்வா நோயாளிகள் 101 பேரில் கட்டி சுருங்கியது 10.9 சதவீதம் பேருக்குத்தான். வீட்டை விற்று வாங்கும் முன் அந்த எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள். வலி மருத்துவக் குழுவை இந்தக் கட்டத்தில் சேர்ப்பது தோல்வி அல்ல, புண் நாற்றம், ரத்தக் கசிவு, வலி எல்லாவற்றுக்கும் வழி உண்டு.

#18 | கீதா_பெசன்ட்நகர்

சென்னையில் எங்கே போவது என்று கேட்கிறவர்களுக்கு. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, ராயப்பேட்டை அரசு மருத்துவமனைப் புற்றுநோய்ப் பிரிவு, ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. முதல் பயாப்சிக்கு எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையோ திருவல்லிக்கேணி கஸ்தூரிபாவோ போதும். முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்றும் ரேஷன் கார்டும் வேண்டும், கலெக்டர் அலுவலக மையத்தில் அட்டை. அறுவைக்கு முந்தியே அட்டை கையில் இருக்க வேண்டும், பிறகு ஓடுவது கஷ்டம்.

கடைசியாக ஒன்று: பரிசோதனைக்கு எத்தனை நாளுக்கொரு முறை? ஸ்லைடு வேறு இடத்தில் பார்க்கக் கேட்டால் தருவார்களா?

#19 | ஸ்லைடுமேசை

முதல் 2 ஆண்டு 3 முதல் 6 மாதத்துக்கொரு முறை, அடுத்து 5 ஆண்டு வரை 6 முதல் 12 மாதம், பிறகு ஆண்டுக்கொரு முறை ஆயுள் முழுக்க. லைக்கன் இருந்தால் இன்னும் நெருக்கமாக. ஒவ்வொரு முறையும் இரண்டு கவட்டையையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும், "எப்படி இருக்கீங்க" என்று கேட்டுச் சீட்டு எழுதுவது பரிசோதனை ஆகாது. மாதம் ஒருமுறை கண்ணாடியில் நோயாளியே பார்க்கலாம்: புதுப் புண், தடிப்பு, நிறம் மாறுதல்.

ஸ்லைடு தருவார்கள். எழுத்து மூலம் கேளுங்கள், பாரஃபின் பிளாக்கையும் சேர்த்து. பிளாக் இருந்தால்தான் பி16, பி53 மறுபடி போட முடியும். வெயிலில் காரில் வைக்காதீர்கள், மெழுகு உருகும். ஸ்லைடுகளை பெட்டியில் நேராக நிறுத்தி, ரிப்போர்ட் நகலைத் தனிக் கவரில் எடுத்துப் போங்கள்.

#20 | வார்டு_அக்கா

கவர்ல டிஸ்சார்ஜ் சம்மரியும் போடுங்க சார். அதுல எந்தப் பக்கக் கவட்டை, எத்தனை நெறி, சஃபீனஸ் ரத்தக் குழாயை விட்டாங்களா கட்டினாங்களான்னு எழுதியிருக்கும், கதிர் போடறவங்க அதைத்தான் முதல்ல தேடுவாங்க.